பெரியவர் போகும் வழி

பிப்ரவரி 17, திங்கள்

பால் பதனிடும் தொழிற்சாலையிலிருந்து காலையிலேயே போன். தொட்டி ஏற்றும் வேலை நமக்குத்தான்! "சரி, எடுத்துக்கிறோம்" என்று ஜம்பமாகச் சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் அளவுகளைப் பார்த்தேன்.

இதுவரை நம் வண்டியில் ஏறியதெல்லாம் அடங்கி உட்காரும் சரக்கு. டைல்ஸ், நூல் மூட்டை, ஒருமுறை வண்டி நிறைய கழிப்பறைப் பீங்கான் (என் தம்பி இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறான்). இது அப்படியல்ல. ஒரே எஃகுத் தொட்டி. வண்டியின் இரண்டு பக்கமும் பிதுங்கிக்கொண்டு நிற்கும். நம் மாநிலத்தில் ஏற்றி, பக்கத்து மாநிலத்தைக் கடந்து, அதற்கடுத்த மாநிலத்தில் இறக்க வேண்டும். மூன்றுக்கும் தனித்தனி பர்மிட். முன்னால் சிவப்புக் கொடி கட்டிய வண்டி ஒன்று போக வேண்டும். பகலில் மட்டும்தான் ஓட்டம்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "இருட்டினா வெளிய வராதாம். முன்னாடி ஆள் விட்டுக் கூட்டிட்டுப் போகணுமாம். நல்ல பெரிய மனுஷன்தான்" என்றார். அப்போதிலிருந்து தொட்டிக்குப் பெயர் பெரியவர்.

சாயங்காலம் மகள் பேசினாள். பக்கத்து மாநிலத்தில்தான் இருக்கிறாள். மாப்பிள்ளைக்கு அங்கே பள்ளிக்கூட வேலை. இனி பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் பிரசவம் அங்கேயே. மார்ச் கடைசி வாரம்.

"நீ வந்துடுவம்மா, அது தெரியும். அப்பா?"

கேட்பாள்தானே. இவள் பிறந்தபோது மனிதர் லோடோடு எங்கோ இருந்தார். வந்து பார்த்தபோது குழந்தைக்குத் தொப்புள்கொடியே விழுந்துவிட்டது. கல்யாணத்தன்று லாரிக்குள்ளேயே சட்டை மாற்றிக்கொண்டு, காதில் கிரீஸோடு வந்து நின்றார்.

"அப்பாவையும் ஒரு லோடுன்னு நினைச்சுக்கோ. நேரத்துக்கு டெலிவரி பண்ணிடு" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் சிரிப்பு முடிந்த பிறகும் போனை வைக்கவில்லை.

பண்ணிடறேன்டி என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

மகளின் பழைய அறைதான் என் ஆபீஸ். கீழே டயர் கடை. ஜன்னலைத் திறந்தால் ரப்பர் வாசம், மூடினால் புழுக்கம். திறந்து வைத்துக்கொண்டு, மேஜை முழுக்க வரைபடத்தை விரித்து, உட்கார்ந்துவிட்டேன்.

நேர் வழியில் போனால் மார்ச் பதிமூன்றில் இறக்கிவிடலாம். பதினாறுக்கெல்லாம் அவர் மகள் வீட்டில். குழந்தை வர ஒரு வாரத்துக்கு மேல் இருக்கும். பார்க்கவே அழகாக இருக்கிறது திட்டம்.

எட்டிப் பார்த்தார். "எல்லை வரைக்கும் அஞ்சு நாளா? மாட்டு வண்டியா ஓட்டறேன்?"

"நாலு நாள் ஓட்டம், ஒரு நாள் ஓய்வு. சங்கிலி, டயர் எல்லாம் பார்க்க வேணாமா?"

"உன் பேப்பர்ல அஞ்சு நாள்னா என் ஸ்டியரிங்ல நாலு."

கல்யாணம் ஆன நாளிலிருந்து இதே பாட்டு. நான் ஒரு நேரம் சொன்னால் அதற்கு முன்னால் போய் நின்று, "எங்க இருக்கேன் சொல்லு" என்று போன் பண்ணுவதில் இந்த மனிதருக்கு அப்படி ஒரு சந்தோஷம். நான் எழுதுவதே அவர் முறியடிப்பதற்காக என்று நினைப்பு.

பிப்ரவரி 20, வியாழன்

பர்மிட் ஆபீஸ். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு கண்ணாடியைத் தேடும் அந்தக் குமாஸ்தா அம்மாதான் என் விண்ணப்பத்தைப் பார்த்தார். பக்கவாட்டுப் படம், பின்பக்கப் படம், ஒவ்வொரு அச்சிலும் எவ்வளவு எடை, எந்தச் சந்திப்பில் எந்தப் பக்கம் திரும்புவோம் — எல்லாம் வைத்திருந்தேன். பெருமையாகத்தான் நீட்டினேன்.

"இந்தக் குழாய் வெளிய நீட்டிட்டிருக்கே, அகலத்துல இதைச் சேர்த்தீங்களா?"

சேர்க்கவில்லை. தொட்டியின் உடம்பை மட்டும் அளந்திருந்தேன். ஒரு சாண் குழாய்க்காக முழுக் கோப்பும் திரும்பி வந்தது. தொழிற்சாலைக்குப் போன் பண்ணிக் குழாயைக் கழற்றித் தனியாகக் கட்டித் தரச் சொன்னேன். "அதுக்கென்ன, ரெண்டு நட்டுதான்" என்றார்கள். என் ஒரு நாள் அந்த இரண்டு நட்டில் போயிற்று.

பிப்ரவரி 24, திங்கள்

தம்பியோடு வழி பார்க்கப் போனேன். அவனைத் தெருவில் எல்லாரும் ஹாரன் என்றுதான் கூப்பிடுவார்கள். ரகசியம் சொன்னாலும் நாலு வீட்டுக்குக் கேட்கும். பெரியவருக்கு முன்னால் கொடி வண்டி ஓட்டப்போவது அவன்தான்.

அவனுடைய சின்ன வண்டியின் முகப்பில் ஒரு கம்பைச் செங்குத்தாகக் கட்டினோம். பெரியவர் வண்டியில் ஏறி உட்கார்ந்தால் வரும் உயரம், அதற்கு மேல் ஒரு சாண். கம்பு எங்கே இடிக்கிறதோ அங்கே பெரியவரும் இடிப்பார். மின்கம்பி, மரக்கிளை, வளைவு எல்லாம் தப்பியது. ஹாரன் பாட்டுப் பாட ஆரம்பித்துவிட்டான்.

அப்புறம் அந்த ரயில் பாலம். "அது ஒண்ணும் பண்ணாது, நூறு தடவை போயிருக்கேன்" என்று அவர் அடித்துச் சொல்லியிருந்தார். பாலத்தில் எழுதியிருந்த உயரத்தையும் பார்த்தேன், தாராளமாகவே இருந்தது. மெதுவாக உள்ளே போனோம்.

டொக்.

இறங்கி டேப் வைத்துத் தம்பி அளந்தான். போர்டில் இருந்த உயரம் தரையில் இல்லை. பொய் எழுதியிருக்கவில்லை, போர்டு பழையது. அதற்கப்புறம் ரோட்டின் மேல் ரோடாகத் தார் போட்டுப் போட்டுத் தரைதான் மேலே ஏறி வந்திருக்கிறது.

"அக்கா, டயர்ல காத்தை இறக்கிட்டா போயிடலாமா?" என்றான் ஊருக்கே கேட்கும்படி.

அத்தனை டயரிலும் இறக்கினாலும் போதாது. நேர் வழி போச்சு. என் பதினாறாம் தேதியும் அதோடு போச்சு. கம்பை அவிழ்த்து வண்டிக்குள் போட்டுக்கொண்டு திரும்பினோம்.

பிப்ரவரி 26, புதன்

சுற்று வழி இரண்டு இருக்கிறது. ஒன்று மலை ஏறி இறங்குவது, தூரம் குறைவு. இன்னொன்று சமவெளி, நீளம். இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். மலை வழியில் போனால் பத்தொன்பதில் அவர் மகளிடம் இருப்பார், சமவெளியில் போனால் இருபதில். எப்படியும் கடைசி வாரத்துக்கு முன்னால்தான். ஆனால் மூச்சு விட இடமில்லை.

சமவெளியையே எடுத்துக்கொண்டேன்.

"நீளமான ரோட்டை ஏன் பிடிச்சே?" என்று கேட்டார்.

"ஏத்தத்துல பெரியவருக்கு ஆகாது. கொண்டை ஊசி வளைவுல திரும்பவும் மாட்டார்."

பொய்யில்லை. ஆனால் முழுக் காரணத்தையும் சொல்லவில்லை. சமவெளி வழியில் எல்லைச் சோதனைச்சாவடியிலிருந்து மகள் ஊருக்கு இரண்டு மணி நேரம்தான். மலை வழி என்றால் மகளுக்கும் அவருக்கும் நடுவில் மலையே நிற்கும். குழந்தை என்ன என் அட்டவணையைப் படித்துவிட்டா வரப்போகிறது? ஒரு பாதுகாப்புக்குத்தான். அவரிடம் சொன்னால் "நீ ஒரு பயந்தாங்கொள்ளி" என்பார். சொல்லவில்லை.

மார்ச் 1, சனி

நம் மாநில பர்மிட் கையில். மூன்றாவது மாநிலமும் சரி சொல்லிவிட்டது. நடுவில் இருப்பதுதான் இழுக்கிறது.

மார்ச் 3, திங்கள்

நடு மாநிலத்திலிருந்து போன். பாலங்களின் பொறியாளர் கையெழுத்துப் போட்டுவிட்டாராம். பர்மிட் எந்தத் தேதியிலிருந்து வேண்டும் என்று கேட்டார்கள்.

ஏழு நாள்தான் செல்லும். முன்னால் தொடங்கினால் முன்னால் முடிந்துவிடும். அங்கேதான் தூரமும் அதிகம், பாலமும் அதிகம். எங்காவது ஒரு நாள் நின்றாலும் கடைசியில் இடம் வேண்டும். எட்டாம் தேதி புறப்பாடு, பதினொன்று ஓய்வு, பன்னிரண்டு சாயங்காலம் எல்லை. "பதிமூணு காலைல ஆறு மணியிலேர்ந்து போடுங்க" என்றேன்.

பிரிண்டர் மூன்று முறை இருமிவிட்டு ஒருவழியாகப் பிரதி கொடுத்தது. மூன்று பர்மிட்டையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறேன். அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன். இன்று மட்டும் நாலு தடவையாவது இருக்கும்.

மார்ச் 5, புதன்

மகளுக்குக் கால் வீக்கமாம். "எல்லாருக்கும் வர்றதுதாம்மா" என்று எனக்கே ஆறுதல் சொல்கிறாள். எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

மார்ச் 8, சனி

புறப்பட்டாயிற்று!

வெயில் பட்டுப் பெரியவர் தகதகவென்று இருந்தார். நாலு பக்கமும் சங்கிலி, மூலைகளில் சிவப்புத் துணி, பின்னால் 'அகலமான சரக்கு' என்ற பலகை. டயர் கடைக்காரர்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். தம்பி கொடி வண்டியில் முன்னால் போனான். மேலே மஞ்சள் விளக்கு சுற்றியது. அவன் முகத்தில் அப்படியொரு மிடுக்கு.

அவரிடம் வழிக் காகிதத்தைக் கொடுத்தேன். எங்கே நிறுத்துவது, எந்த ஊரில் பள்ளி விடும் நேரத்துக்கு ஒதுங்குவது, எல்லாம் இருக்கிறது.

"ஓய்வு நாளைத் தாண்டிடாதீங்க."

"சரி சரி."

அந்த இரண்டாவது 'சரி'யை நான் நம்பவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

மதியமே போன். "எங்க இருக்கேன் சொல்லு!" ஆரம்பித்துவிட்டார்.

மார்ச் 11, செவ்வாய்

எனக்கு வருகிற கோபத்துக்கு —

இன்று ஓய்வு நாள். சங்கிலி இறுக்கி, டயர் பார்த்து, கால் நீட்டிப் படுக்க வேண்டிய நாள். சாயங்காலம் போன் வருகிறது. "எல்லைக்கு வந்தாச்சு! ஒரு நாள் மிச்சம் பிடிச்சுட்டேன்." பின்னாலேயே வேறு குரல், சோதனைச்சாவடிக்காரர் போல. "பர்மிட் பதிமூணாம் தேதிதான் ஆரம்பிக்குது. வண்டியை ஓரம் போடுங்க."

வாழ்க்கையில் முதல் தடவை, முன்னால் போனதற்காக இந்த மனிதரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

"நீ ஏன் பன்னெண்டுன்னு போடலை?"

"நீங்க ஏன் பன்னெண்டுக்குப் போய்ச் சேரலை?"

"நாளைக்குப் பூரா நான் இங்க சும்மா நிக்கணுமா?"

"நல்லா நில்லுங்க. பெரியவர்கூடப் பேசிட்டிருங்க. அவரும் நீங்க சொன்னா கேக்கறவர் இல்ல."

போனை வைத்துவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாதோ? ஏன் கூடாது? பாதை போட்டது யார்? ஒவ்வொரு பாலத்துக்கும் ஆளைத் தேடிப் பிடித்துப் பேசியது யார்? ஒரு நாள், ஒரே ஒரு நாள் நான் சொன்னபடி நடந்தால் என்ன குறைந்துவிடும் இவருக்கு? இத்தனை வருஷத்தில் ஒரு தடவை.

சாப்பிடப் பிடிக்கவில்லை. ஆனாலும் சாப்பிட்டேன்.

மார்ச் 12, புதன். ரயிலில்

எங்கிருந்து எழுதுவது.

காலையில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை போன். "அத்தை, வலி வந்துடுச்சு. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டிருக்கோம். சீக்கிரமே வருதுன்னு டாக்டர் சொல்றாங்க." பின்னால் என் மகள் "அம்மாகிட்ட பயப்பட ஒண்ணுமில்லன்னு சொல்லுங்க" என்று கத்துவது கேட்டது. அந்தக் குரலே எனக்குப் போதுமாயிருந்தது, பயப்பட.

நான் இங்கே, அவள் அங்கே. எந்த ரயிலைப் பிடித்தாலும் நாளைக் காலைதான். ஊருக்கெல்லாம் வழி போட்டுக் கொடுக்கிறேன், எனக்கு ஒரு வழி போட்டு வைக்கவில்லையே.

அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. அவர்! சும்மா நிற்கிறாரே! இரண்டு மணி நேரத் தூரத்தில், ஒரு வேலையும் இல்லாமல், நான் நிற்கச் சொன்ன இடத்தில் நிற்கிறாரே!

போன் போட்டால் எடுக்கவில்லை. நேற்றுக் கோபம் இன்னும் இருக்கிறது போல. தம்பிக்குப் போட்டேன். "மாமாகிட்ட குடுடா!" நான் கத்தியதில் டயர் கடைக்காரர்கள் மேலே பார்த்தார்கள்.

"இப்ப என்ன?" என்றார்.

"வலி வந்துடுச்சு. கொடி வண்டியை எடுங்க. போங்க."

சங்கிலிகள் உராயும் சத்தம் மட்டும் கேட்டது.

"லோடு?" என்றார், சின்னக் குரலில்.

"அவன் பார்த்துப்பான். நாளைக்கு ஆறு மணி வரைக்கும் பெரியவர் எங்கயும் போக முடியாது. நீங்க போங்க. ஆனா ஆறுக்குள்ள வண்டி திரும்பி வரணும், கொடி வண்டி இல்லாம நகர விட மாட்டாங்க."

தூரத்தில் ஹாரன் தன் சாதாரணக் குரலில் சொன்னது எனக்கே காது அடைத்தது. "நான் இருக்கேன் மாமா, இதைத் தூக்கிட்டா ஓடப் போறாங்க? கிளம்புங்க!"

கிடைத்த ரயிலில் ஏறிவிட்டேன். பையில் என்னென்ன போட்டேன் என்று நினைவில்லை. திறந்தால் டேப் அளவு இருக்கிறது. எதற்கு?

பிறகு: பொழுது சாயும்போது போன் வந்தது. அவர்தான். "பொண்ணு" என்றார். "ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. இதோ இங்க... என் கையில..." பாலத்தின் மேல் ரயில் ஓடி லைன் அறுந்துபோனது. எதிர் இருக்கைக்காரம்மா ஒன்றும் கேட்காமல் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

மார்ச் 13, வியாழன்

காலை எட்டரைக்கு ஆஸ்பத்திரி. படிக்கட்டில் ஓடி ஏறினேன், இந்த முழங்காலை வைத்துக்கொண்டு. மகள் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்து, ஆனால் சிரித்தபடி. பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். நெற்றியைச் சுருக்கி, யார்மேலோ புகார் இருப்பதுபோல.

அவர் போய்விட்டார். விடியும் முன்னாலேயே கிளம்பி, ஆறு மணிக்குப் பெரியவரோடு புறப்பட்டும்விட்டார். நாற்காலியில் அவர் துண்டு கிடந்தது.

மகள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே இருந்தேன். உள்ளே அழைத்துப்போன நேரத்தில் வாசலில் அப்பா நின்றாராம். "எனக்கு வலியிலயும் சிரிப்பு வந்துடுச்சும்மா. பின்னாடி ஒரு சிவப்புக் கொடி வேற செருகிட்டு வந்திருக்கார்." குழந்தையை வாங்குவதற்கு முன் மூன்று முறை கை கழுவினாராம். வாங்கியதும் நர்ஸிடம் எடை கேட்டாராம். நீளம் கேட்டாராம். அப்புறம் "அகலம்?" என்றாராம். அந்த நர்ஸ் இன்னும் இந்த அறைக்கு வரும்போதெல்லாம் சிரிக்கிறார்.

"நான் பிறந்தப்ப வராததுக்கு நேத்து என்கிட்ட மன்னிப்பு கேட்டார்" என்றாள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"நீ என்ன சொன்னே?"

"எனக்கு ஞாபகம் இல்லப்பா, நான் அப்ப ரொம்பச் சின்னப் பொண்ணுன்னேன்."

இரண்டு பேரும் அழுதோம், சிரித்தோம், நர்ஸ் திட்டினார்.

"இன்னொண்ணும் சொன்னார்மா. 'உங்கம்மா தேதியைச் சரியாத்தான் போட்டிருக்கா'ன்னார்."

இதை இரண்டு தடவை சொல்லச் சொன்னேன்.

சமவெளி வழியை ஏன் எடுத்தேன் என்று மகளிடம் மட்டும் சொன்னேன். "அப்பாகிட்ட சொல்லாதே" என்றேன். "சரி சரி" என்றாள். அப்பன் மகள்.

மார்ச் 14, வெள்ளி

பேத்திக்குப் பகலில் தூக்கம், இருட்டினால் ஓட்டம். பெரியவருக்கு நேர் எதிர்.

மார்ச் 17, திங்கள்

இறக்கியாயிற்று. ஒரு கீறல் இல்லை. குழாயைக் கழற்றி வைத்திருந்ததை மறுபடி மாட்டி, "ரெண்டு நட்டுதானே" என்று அவர்களிடமே திருப்பிச் சொன்னாராம். தொழிற்சாலையில் இன்னும் இரண்டு தொட்டி வரப்போகிறதாம். "பாதை போட்டது யாருன்னு கேட்டாங்க. சொன்னேன்" என்றார். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

பிறகு ஒரு மாதிரி தயங்கினார்.

"நான் எப்ப வரணும்?"

"காலி வண்டிக்கு பர்மிட் ஏது, கொடி ஏது. எந்த ரோட்டுல வேணா, எந்த நேரம் வேணா வாங்க."

"இல்ல. நீ ஒரு நேரம் சொல்லு."

இப்படி ஒரு கேள்வி இவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை. மூளைக்குள் வரைபடத்தை விரித்து, தூங்க, சாப்பிட, எல்லாவற்றுக்கும் இடம் விட்டு, "வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணி" என்றேன்.

"சரி" என்றார். ஒரே ஒரு சரி.

மார்ச் 20, வியாழன்

மகள் வீட்டு மொட்டைமாடியில் குழந்தைத் துணிகளைக் காயப் போட்டுக்கொண்டிருந்தேன். தெருக்கோடியில் பெட்ரோல் பங்க், அதையொட்டி வெற்று மைதானம். அங்கே பச்சைத் தலையோடு ஒரு வண்டி, பின்னால் தட்டு காலி, பக்கத்தில் கொடி வண்டி. நம் வண்டி. மணி இரண்டுகூட ஆகவில்லை.

ஓடி வந்து டீ போட்டேன். சட்டியில் கொதித்து இறக்கியும் ஆயிற்று, வாசல் மணி அடிக்கவில்லை. மறுபடி மாடிக்கு ஏறிப் பார்த்தேன்.

கேபின் கதவு திறந்திருந்தது. அவர் படியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்துக் கண்ணாடியில் தலை வாரினார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இறங்கி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். மறுபடி ஏறி உட்கார்ந்தார். மறுபடி கடிகாரம். தட்டின்மேல் தம்பி துண்டை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தான். குறட்டை இங்கே கேட்காதது ஆச்சரியம்தான்.

கைதட்டிக் கூப்பிடலாமா என்று கையைத் தூக்கினேன். அப்புறம் இறக்கிக்கொண்டேன்.

"அப்பா எங்க வந்துட்டிருக்காராம்?" என்று மகள் உள்ளிருந்து கேட்டாள்.

"வந்துட்டிருக்கார்" என்றேன்.

நாலு மணிக்கு அழைப்பு மணி. சலவைச் சட்டை, வாரிய தலை, காதில் கிரீஸ் இல்லை.

"சொன்ன நேரத்துக்கு வந்துட்டேனா?"

"வந்துட்டீங்க."

பேத்தியை அவர் கையில் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன். இரண்டு மணிக்குப் போட்ட டீ ஆறிப்போயிருந்தது. சூடு பண்ணிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.